கட்டிய கையும் ஓட்டும் கையும்

வீட்டில் கட்டிய விமானம் ஒன்று எஞ்சின் நின்று வயலில் இறங்கியது என்று கேள்விப்பட்டால், இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பவர்கள் உடனே எஞ்சினைப் பிரிக்கச் சொல்ல மாட்டார்கள். டாங்கிலிருந்து கார்புரேட்டர் வரை வரும் குழாயை முதலில் கழற்றச் சொல்வார்கள். பிறகு டாங்கின் காற்றுத் துளை, வடிகட்டி, சுவிட்சுக்குப் போகும் ஒயர், த்ராட்டில் கேபிளின் முனை. இத்தனையும் பார்த்து ஒன்றும் அகப்படவில்லை என்றால்தான் சிலிண்டர் பக்கம் போவார்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. எஞ்சின் தொழிற்சாலையிலிருந்து வருகிறது. அதற்குப் பெட்ரோலும் காற்றும் தீப்பொறியும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடெல்லாம் கட்டியவரின் கராஜில் உருவாகிறது. அந்தக் கட்டியவர்தான் விமானத்தை ஓட்டவும் செய்கிறார். ஒரே ஆள் இரண்டு வேலையையும் செய்வதுதான் இவ்வகை விமானத்தின் கவர்ச்சி. எஞ்சின் நிற்கிற நேரத்தில் அதுவே அதன் பெரிய பலவீனமும் ஆகிவிடுகிறது என்பது என் கட்சி. எஞ்சின் நிற்பதற்கு வழிவைப்பது பல நேரம் கட்டிய கை. நின்ற பிறகு ஓட்டும் கையைத் தடுமாற வைப்பதும் அதே கட்டிய கைதான்.

இது பெரும்பாலும் அமெரிக்கக் கதை. 1953ல் விஸ்கான்சின் மாநிலத்தின் மில்வாக்கி நகரில் பால் போபெரெஸ்னி தொடங்கிய ஈஏஏ என்ற சங்கமும், 1970 முதல் ஆண்டுதோறும் ஆஷ்காஷில் அது நடத்திவரும் பெருங்கூட்டமும் இந்தப் பொழுதுபோக்கை ஓர் இயக்கமாகவே ஆக்கின. அங்கே சட்டம் தாராளமானது. விமானத்தின் பாதிக்கு மேற்பட்ட வேலையை ஆர்வலர்கள் தங்கள் கல்விக்காகவோ மனமகிழ்ச்சிக்காகவோ செய்திருந்தால் போதும். தொழிற்சாலை விமானத்துக்கு உள்ள தரச்சான்று இதற்குத் தேவையில்லை. அந்தத் தரங்களுக்கு உட்பட்ட விமானம் இதுவல்ல என்று பயணியின் கண்ணில் படும்படி உள்ளே எழுதி ஒட்டிவிட வேண்டும், அவ்வளவுதான். எழுபதுகளில் வரைபடத்தை மட்டும் வாங்கி, மரமும் துணியும் குழாயும் தேடிப் பிடித்து, ஃபோக்ஸ்வேகன் கார் எஞ்சினைப் பொருத்திப் பறந்தவர்கள் ஏராளம். பர்ட் ரூட்டான் நுரைப்பலகைமேல் கண்ணாடியிழை பூசும் முறையைக் கொண்டுவந்தார். ரிச்சர்ட் வான்க்ரன்ஸ்வனின் ஆர்வி வரிசை அலுமினியத் தகடும் ரிவெட்டுமாக வந்தது. இன்று கிட் பெட்டியைத் திறந்தால் தகடுகளில் துளைகூடப் போட்டே வருகிறது. இறக்கையைக் கோணலாகக் கட்டுவது ஏறக்குறைய முடியாத காரியம். ஆனால் தீத்தடுப்புச் சுவருக்கு முன்னால், எஞ்சின் அறைக்குள், கட்டியவரின் விருப்பத்துக்கு இன்னும் நிறைய இடம் இருக்கிறது. மற்ற பாகங்களில் வந்த திருத்தம் அந்த அறைக்குள் அதே அளவுக்கு நுழையவில்லை.

இதை வெறும் அபிப்பிராயமாகச் சொல்லவில்லை. அமெரிக்க தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2011ல் இவ்வகை விமானங்களுக்கு நேர்ந்த 224 விபத்துகளையும் ஆராய்ந்து 2012ல் ஓர் அறிக்கை வெளியிட்டது. நாட்டின் சிறு விமானங்களில் ஏறக்குறைய 10 சதவீதமே இவை. அந்த ஆண்டின் விபத்துகளில் சுமார் 15 சதவீதமும், உயிர்ப்பலி வாங்கிய விபத்துகளில் 21 சதவீதமும் இவற்றினுடையவை. விபத்தின் வகைகளில் இரண்டு மற்ற எல்லாவற்றையும் விட மிகவும் முந்தி நின்றன: எஞ்சின் தொகுதி செயலிழப்பது, பறக்கும்போது விமானம் கட்டுப்பாட்டை விட்டுப் போவது. புள்ளிவிவரத்தை நம்பக் கூடாது என்று வாதிடுபவர்கள் உண்டு. எத்தனை மணி நேரம் பறந்தன என்பது கணிப்புதானே, மணிக்கணக்கு தெரியாமல் ஆபத்தை எப்படி ஒப்பிடுவது என்பார்கள். நியாயமான கேள்வி. தொழிற்சாலை விமானத்தைவிட இது எத்தனை மடங்கு ஆபத்து என்று யாராவது துல்லியமாகச் சொன்னால் நானும் நம்ப மாட்டேன். ஆனால் என் வாதத்துக்கு அந்த ஒப்பீடு தேவையில்லை. இந்த விமானங்களுக்குள்ளேயே எது அதிகம் கெடுகிறது என்பதைப் பறந்த மணிக்கணக்கு இல்லாமலே பார்க்கலாம். அதற்கு வாரியம் கேட்ட மருந்தையும் பார்க்க வேண்டும். எஞ்சினை மாற்றுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. முதல் முறை பறப்பதற்கு முன் எரிபொருள் ஏற்பாட்டைச் சோதித்து, சோதித்ததை எழுதிக் காட்ட வேண்டும் என்று கேட்டார்கள்.

அந்த ஏற்பாட்டில் என்னவெல்லாம் கெடும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாமே அற்பமான விஷயங்கள். டாங்கின் மூட்டுகளில் பூசிய சீலன்ட் பிசிறு பெயர்ந்து வாயில் போய் அடைத்துக்கொள்ளும். குழாய் இணைப்பின் மரையில் சுற்றிய டெஃப்லான் டேப்பின் துணுக்கு கார்புரேட்டர் வரை பயணம் போகும். கண்ணாடியிழையை ராவிய தூள், அலுமினியத்தைத் துளையிட்ட சுருள், எல்லாம் முதல் சில மணி நேரப் பறத்தலில் வடிகட்டிக்கு வந்து சேரும். டாங்கின் காற்றுத் துளையில் குளவி கூடு கட்டினால், பெட்ரோல் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுபோகும். நிலத்தில் பத்து நிமிடம் எஞ்சினை ஓட்டிப் பார்த்தால் இது தெரியவே தெரியாது. புகைபோக்கிக்கு அருகே வளைத்துக் கொண்டுபோன குழாயில் பெட்ரோல் ஆவியாகிக் குமிழ் கட்டும். பம்பு குமிழைத் தள்ளாது. கார்புரேட்டருக்குச் சூடான காற்றைத் திருப்பும் பெட்டியின் உள்தகடு ஆணி கழன்று காற்றுப் பாதையில் விழும். அந்தச் சூடான காற்றுக்கே தனி வரலாறு இருக்கிறது. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டரின் உள்ளே வெப்பநிலை முப்பது டிகிரிக்கும் மேல் இறங்கக்கூடும். எனவே ஈரப்பதம் நிறைந்த இதமான நாளில், வெளியே 20 டிகிரி இருக்கும்போதே, உள்ளே பனி உறைந்து எஞ்சின் மூச்சுத் திணறும். இறங்கிய பிறகு திறந்து பார்த்தால் பனி உருகிப் போயிருக்கும். எஞ்சின் ஒரே உதையில் ஓடும். குற்றவாளி அகப்பட மாட்டான்.

இவற்றில் பலவற்றைப் பிடிக்க ஒரு வாளியும் கடிகாரமும் போதும். 180 குதிரைத்திறன் லைகாமிங் எஞ்சின் முழுச் சக்தியில் மணிக்குச் சுமார் 60 லிட்டர் குடிக்கும். பம்பு வைத்த ஏற்பாடு தேவையைப் போல 125 சதவீதமும், தானாக இறங்கும் ஏற்பாடு 150 சதவீதமும் தர வேண்டும் என்பது தொழிற்சாலை விமானங்களுக்கு வெகுகாலம் இருந்த விதி. அதாவது பம்பு இருந்தால் மணிக்கு 75 லிட்டர், இல்லையென்றால் 90. மேலேறும்போது விமானத்தின் மூக்கு எவ்வளவு நிமிர்ந்திருக்குமோ அவ்வளவு நிமிர்த்தி, டாங்கில் குறைந்தபட்சப் பெட்ரோலை மட்டும் விட்டு, எஞ்சினுக்குப் போகும் முனையைக் கழற்றி வாளியில் பிடித்து அளக்க வேண்டும். ஒரு மாலை நேர வேலை. இதைச் செய்யாமல் பறப்பவர்கள் சோம்பேறிகள் இல்லை. ரிவெட்டுக்கு ரிவெட்டு பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிறவர்கள். தான் மாட்டிய குழாயைத் தானே சந்தேகிக்க மனம் வருவதில்லை, அவ்வளவே. வேறொருவர் மாட்டியதாக இருந்தால் அரை மணி நேரத்தில் பத்துக் குறை கண்டுபிடிப்பார்கள். கட்டும்போதே வந்து பார்த்துச் சொல்லும் ஆலோசகர்களை ஈஏஏ இலவசமாக அனுப்புவது இதனால்தான். அவர்கள் மேதைகளாக இருக்க வேண்டிய அவசியமில்லை. கட்டியவராக இல்லாமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

இதற்கு முதல் மறுப்பு எஞ்சின் பக்கத்திலிருந்து வரும். கார் எஞ்சினைப் போடுகிறவன் கஷ்டப்படட்டும், சான்று பெற்ற லைகாமிங்கோ கான்டினென்டலோ போட்டால் இந்தப் பேச்சே வேண்டாமே என்பார்கள். பாதி உண்மை. ஒவ்வொரு சிலிண்டருக்கும் இரண்டு பிளக், பேட்டரி செத்தாலும் தானே தீப்பொறி தரும் இரண்டு மேக்னெட்டோ, காற்றிலேயே குளிரும் உடல் என்று அவை பழங்கால வடிவமைப்பாக இருந்தாலும் நின்றுபோகாமல் இருப்பதற்கென்றே பிறந்தவை. கார் எஞ்சினுக்குத் தண்ணீர் வேண்டும், வேகம் குறைக்கும் கியர்ப்பெட்டி வேண்டும். எஞ்சினின் முறுக்கு அதிர்வும் புரொப்பெல்லரின் அதிர்வும் ஒரே கதியில் சேர்ந்துகொண்டால் அந்தக் கியர்ப்பெட்டி நொறுங்கும். விமானத்துக்கென்றே செய்த எஞ்சின் என்பதாலும் எல்லாம் தீர்ந்துவிடாது. ஆஸ்திரேலியாவின் ஜபிரு எஞ்சின்களில் போல்ட் முறிவு முதலான கோளாறுகள் தொடர்ந்ததால், 2014 டிசம்பரில் அந்நாட்டு விமானத்துறை அவை பொருத்திய விமானங்களுக்குக் கட்டுப்பாடு விதித்தது. எஞ்சின் நின்றாலும் பத்திரமாக இறங்க இடமிருக்கும் பாதையில்தான் பறக்க வேண்டும் என்பது அதன் சாரம். ராட்டாக்ஸ் நிறுவனமோ தன் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களின் கையேட்டிலேயே, இது திடீரென்று நிற்கக்கூடியது என்று ஒளிவுமறைவில்லாமல் எச்சரிக்கிறது. ஆகவே எஞ்சின் தேர்வு முக்கியம்தான். ஆனால் எவ்வளவு நல்ல எஞ்சினாக இருந்தாலும் அடைந்த குழாயில் பெட்ரோல் வராது. லைகாமிங்கை வாங்கியவர் எஞ்சினின் நம்பகத்தை வாங்குகிறார். தன் குழாய்வேலைக்கும் சேர்த்து அந்தச் சான்றிதழை மனத்துக்குள் ஒட்டிக்கொள்வதில்தான் வினை.

சமீப காலத்தில் இந்தக் கோளாறுகள் இடம் மாறியிருக்கின்றன. மேக்னெட்டோவைக் கழற்றிவிட்டு மின்னணு இக்னிஷன், கார்புரேட்டருக்குப் பதில் கணினி இயக்கும் எரிபொருள் தெளிப்பு என்று போனவர்கள் அதிகம். எரிபொருள் மிச்சம், குளிரில் உடனே கிளம்பும், பனி உறையும் தொல்லையும் மிகக் குறைவு. அதற்கு விலை, எஞ்சின் மின்சாரத்தை நம்பி வாழ ஆரம்பிக்கிறது. முன்பு ஆல்டர்னேட்டர் போனால் ரேடியோதான் போகும்; இப்போது பேட்டரி தீர்ந்ததும் எஞ்சினும் போகும். ஒரு தளர்ந்த எர்த் ஒயர் குளவிக்கூட்டின் இடத்தைப் பிடித்துவிட்டது. ஒவ்வொரு சிலிண்டரின் வெப்பத்தையும் பதிவுசெய்யும் திரைகள் வந்திருப்பது மட்டும் முழு லாபம் என்று சொல்வேன். வால்வு ஒன்று ஒட்டப் பார்க்கிறது, குளிர்காற்றைத் திருப்பும் தகட்டில் இடைவெளி இருக்கிறது என்பதெல்லாம் எஞ்சின் நிற்பதற்குப் பல நாள் முன்பே அந்தப் பதிவில் தெரிந்துவிடும். படிக்கிறவர்களுக்கு.

கட்டிய கையின் முடிவு ஓட்டும் கையை எப்படிப் பிடித்துக்கொள்ளும் என்பதற்கு எல்லாரும் அறிந்த சான்று 1997 அக்டோபர் 12ல் நடந்தது. பாடகர் ஜான் டென்வர், ரூட்டான் வடிவமைத்த லாங்-ஈஸி ஒன்றைப் பிறரிடமிருந்து வாங்கி, கலிஃபோர்னியாவில் பசிபிக் குரோவ் கடலோரத்தில் பறந்தபோது விழுந்து இறந்தார். இறக்கைக்கு ஒன்றாக இரண்டு டாங்குகள். எதிலிருந்து எடுப்பது என்று திருப்ப ஒரு குமிழ், நம் ஊர்ப் பழைய மோட்டார் சைக்கிளில் ரிசர்வுக்குத் திருப்புவோமே, அதுபோல. வரைபடத்தில் அது ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவே இருந்தது. அந்த விமானத்தைக் கட்டியவர் பெட்ரோல் குழாயை உட்காருமிடத்துக்குள் கொண்டுவர விரும்பாமல் குமிழை இடது தோளுக்குப் பின்னால் வைத்துவிட்டார். எந்தப் பக்கம் எந்த டாங்க் என்ற குறியும் இல்லை. பெட்ரோல் அளவைக் காட்டும் கண்ணாடியும் பின்னால் இருந்தது. அதிலும் அளவுக் குறிகள் இல்லை. ஒரு டாங்க் தீர்ந்ததும் வலது கையை ஓட்டுகோலிலிருந்து எடுத்து, உடம்பைத் திருப்பி, தோளுக்குப் பின்னே எட்ட வேண்டும். அப்படித் திரும்பினால் வலது கால் தன்னையறியாமல் பெடலை அழுத்தும் என்பதை விசாரணையில் செய்தே பார்த்தார்கள். தரையிலிருந்து சில நூறு அடி உயரத்தில் அது போதும். கட்டியவரின் காரணத்தைத் தனியாகக் கேட்டால் தவறு சொல்ல முடியாது. கேபினுக்குள் பெட்ரோல் கசியக்கூடாது என்பது அக்கறைதான். அதை அவர் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும் விமானத்துக்காக யோசித்தார். நின்ற எஞ்சினோடு, சில விநாடிகளே கையில் இருக்கும் ஓர் ஆளுக்காக யோசிக்கவில்லை. டென்வர் புறப்படுமுன் எவ்வளவு பெட்ரோல் இருக்கிறது என்று சரியாகப் பார்க்கவில்லை, அந்த வகை விமானத்தில் போதிய பழக்கமும் பெறவில்லை என்பவற்றையும் வாரியம் காரணங்களில் சேர்த்தது. ஆனால் அந்தக் குறைகள் குமிழ் கால்களுக்கு நடுவே இருந்திருந்தால் ஒருவேளை ஒரு கெட்ட நிமிடத்தோடு போயிருக்கும்.

எஞ்சின் நின்றால் விமானம் கல்லாக விழுவதில்லை. அது வேகத்தை உயரத்திலிருந்து வாங்கிக்கொண்டு சரிந்து இறங்கும். அந்த வேகம் இருக்கும்வரை இறக்கை தாங்கும், ஓட்டுகோலுக்குக் கட்டுப்படும். வேகம் குறைந்தால் ஸ்டால் ஆகும், அதாவது இறக்கை தாங்குவதை நிறுத்தும். தாழ்வான உயரத்தில் அதிலிருந்து மீள இடமில்லை. மூக்கைத் தாழ்த்தி வேகத்தைக் காப்பாற்று என்பது எந்தப் பயிற்சிப் பள்ளியிலும் முதல் மாதத்திலேயே சொல்லித்தரும் பாடம். வீட்டில் கட்டிய விமானங்களில் இது ஏன் கடினம் என்றால், ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இறங்கும். லாங்-ஈஸி கழுகைப் போல நெடுந்தூரம் வரும். கம்பியும் குழாயுமாக வெளியே தெரியும் இலகு விமானம், மேலேறும்போது எஞ்சின் நின்றால் இரண்டு மூன்று விநாடிகளில் வேகத்தைத் தொலைத்துவிடும்; திகைத்து நிற்கும் நேரத்திலேயே கதை முடியும். எழுபதுகளில் பரபரப்பாக விற்ற பிடி-5 போல எஞ்சினின் உந்துவிசை உயரத்தில் இருந்தால், எஞ்சின் நின்றவுடன் மூக்கு கீழே போக வேண்டிய நேரத்தில் மேலே எழும்பும். ஆகவே சிறந்த சரிவு வேகம் எது, நிமிடத்துக்கு எத்தனை அடி இறங்கும் என்பதை ஒவ்வொருவரும் தம் விமானத்தில் அளந்து வைத்திருக்க வேண்டும். கிட் தந்தவரின் விளம்பரத்தாளில் இருக்கும் எண்ணை எழுதி ஒட்டிவைப்பது போதாது. அளக்கும்போதும் எஞ்சினை மெதுவாக ஓடவிட்டு அளப்பது முழு உண்மையைக் காட்டாது; செத்த எஞ்சினைக் காற்றே சுழற்றும்போது புரொப்பெல்லர் கூடுதலாக இழுக்கும். அளந்த எண்ணைவிட நிஜம் மோசமாக இருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது.

இப்போது நீண்டநாள் சண்டைக்கு வருகிறேன். ஓடுபாதையை விட்டு எழும்பிய சிறிது நேரத்தில் எஞ்சின் நின்றால் திரும்பி அதே ஓடுபாதைக்கு வரலாமா? கூடாது, நேரே முன்னால் இறங்கு என்பது பழைய போதனை. அமெரிக்கக் கடற்படை அகாடமியின் பேராசிரியர் டேவிட் ராஜர்ஸ் 1995ல் கணக்குப் போட்டு, போதிய உயரம் இருந்தால் திரும்பலாம், 45 டிகிரி சாய்த்து ஸ்டாலுக்குச் சற்று மேலான வேகத்தில் திரும்புவதே உத்தமம் என்று காட்டினார். அவர் கணக்கில் பிழை இல்லை. அதே வழியில் ஒரு சாதாரண இரண்டு இருக்கை விமானத்துக்குப் போட்டுப் பார்ப்போம். சரிவு வேகம் 70 நாட், நேர்ச்சரிவில் விநாடிக்கு 4 மீட்டர் இறங்குகிறது. திரும்புவது 180 டிகிரி என்று தோன்றும். ஆனால் அப்படித் திரும்பினால் ஓடுபாதைக்கு இணையாக, 250 மீட்டருக்கும் மேல் தள்ளி இருப்போம். ஓடுபாதையை நோக்கிச் சாய 225 டிகிரியாவது வேண்டும். பின்பு நேராக்க இன்னும் ஒரு 45. முதல் திருப்பத்துக்கே பதினான்கு விநாடிக்கு மேல் ஆகும். சாய்ந்திருக்கும்போது இறக்கம் கூடுவதால் 300 அடிக்கு மேல் போய்விடும். திகைப்புக்கு நான்கு விநாடி, திரும்பி வரும் தூரம், கடைசியில் நேராக்குவது எல்லாம் சேர்ந்தால், கச்சிதமாகச் செய்தாலும் 500 அடிக்கு மேல் வேண்டும். இதற்கிடையில் 50 நாட்டில் ஸ்டால் ஆகிற விமானம் 45 டிகிரி சாய்வில் 60 நாட்டிலேயே ஸ்டால் ஆகும். கையில் மிச்சம் 10 நாட். பயந்துபோய் 60 டிகிரி சாய்த்துவிட்டால் ஸ்டால் வேகமே 70க்கு வந்து நிற்கும்.

ராஜர்ஸ் எடுத்துக்கொண்டது பீச் பொனான்சா என்ற தொழிற்சாலை விமானம். அதன் எண்கள் எல்லாம் அளந்து அச்சிட்டவை. தன் எண்களையே அளக்காத ஒருவருக்கு அந்தக் கணக்கு எதைத் தரும்? திரும்பலாம் என்ற அனுமதியை மட்டும் தரும். திரும்புவதை நான் முற்றாக மறுக்கவில்லை. மேலே பத்திரமான உயரத்தில் பலமுறை செய்து பார்த்து, இழக்கும் உயரத்தை அளந்து, அதில் பாதியைக் கூட்டி, இந்த அடிக்குக் கீழே திரும்ப மாட்டேன் என்று புறப்படுமுன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்கிறவர் திரும்பலாம். மற்றவர்களைத் திருப்புவது கணக்கு இல்லை. பின்னால் ஓடுபாதை இருக்கிறது, அங்கே போனால் விமானம் கீறலில்லாமல் தப்பும். முன்னால் வேலியும் சோளக்காடும் இருக்கிறது, அங்கே போனால் எட்டு வருட உழைப்பு சிதையும். வாடகைக்கு எடுத்த செஸ்னாவில் இருப்பவருக்கு இந்த இழுப்பு குறைவு. கட்டியவருக்கு அது கிட்டத்தட்ட பிள்ளைப்பாசம். கட்டுப்பாட்டை விட்டுப் போவது என்று வாரியம் தனியாக எண்ணிய இரண்டாவது வகையில் ஒரு பகுதி, முதல் வகையான எஞ்சின் கோளாறின் வாலாகவே வருவது இந்த வழியில்தான்.

விமானத்தைக் கைவிட்டுவிட்டால் பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவு என்பதையும் கணக்காகவே சொல்லலாம். மணிக்கு 50 மைல் வேகத்திலிருந்து, உடம்பு தாங்கக்கூடிய 9 ஜி அளவில், அதாவது புவியீர்ப்பைப் போல ஒன்பது மடங்கு விசையில், சீராக நிற்க ஒன்பதரை அடி போதும். 100 மைல் என்றால் அதுபோல நான்கு மடங்கு, ஏறக்குறைய 38 அடி. வேகத்தின் வர்க்கம் என்பதால், காற்றை எதிர்த்து இறங்குவது பெரிய விஷயம். 45 நாட்டில் தரையைத் தொடும் விமானம் 10 நாட் எதிர்க்காற்றில் 35 ஆகத் தொடும். காற்று பின்னாலிருந்தால் 55. மோதலின் ஆற்றல் இரண்டரை மடங்கு வேறுபடும். ஓடுபாதைக்குத் திரும்புகிறவர் பின்காற்றில்தான் இறங்குகிறார் என்பதைச் சேர்த்துக்கொள்ளவும். புதரும் பயிரும் வேலியும் ஆற்றலைத் தின்னும். இறக்கையைக் கொடுத்து உட்காருமிடத்தைக் காப்பாற்றலாம். அமெரிக்க மத்திய மேற்கின் சோயா வயல் நல்ல இடம், சால் போன திசையிலேயே இறங்கினால். நெடுஞ்சாலை கண்ணுக்கு அழகாகத் தெரியும். மின்கம்பி மட்டும் கடைசி விநாடி வரை தெரியாது. மூக்குச் சக்கரம் வைத்த சிறு விமானம் இளகிய மண்ணில் சக்கரம் புதைந்து கவிழக்கூடும். முன்சக்கரத்தை முடிந்தவரை தூக்கிப் பிடிக்க வேண்டும். கவிழ்ந்தால் கண்ணாடிக் கூடு திறக்காது, பெட்ரோல் வாசனை வரும், வெளியே வர உடைகருவி கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். உயரம் இருக்கும்போதே காடானாலும் வயலானாலும் ஓர் இடத்தைத் தேர்ந்துவிட்டு மனம் மாறாமல் இருப்பவர்கள், இதைவிட நல்ல வயல் அதோ இருக்கிறதே என்று சரிவை நீட்டுகிறவர்களைவிட நன்றாகவே பிழைக்கிறார்கள்.

என் வாதத்திலேயே ஒரு முரண் இருக்கிறதே என்று கேட்கலாம். பெரும்பாலும் பெட்ரோல் வராததுதான் காரணம் என்றால், டாங்கை மாற்றி, பம்பைப் போட்டு, சூடான காற்றைத் திறந்தால் எஞ்சின் திரும்ப ஓடுமே. ஏன் முயலக் கூடாது? முயலத்தான் வேண்டும். மூன்று கையசைவு, கண்ணை உள்ளே திருப்பாமல் தடவியே செய்யக்கூடியதாக, ஐந்தாறு விநாடி. அதற்கு மேல் போனால் ஓட்டுபவரின் இருக்கையில் மெக்கானிக் வந்து உட்கார்ந்துவிடுகிறார். தன் கையால் மாட்டிய ஒவ்வொரு ஒயரும் அவருக்குத் தெரியும். எங்கே பிசகியிருக்கும் என்று ஊகிக்கவும் தெரியும். அந்த அறிவே எதிரி. ஆயிரம் அடியில் நிமிடத்துக்கு 800 அடி இறங்கும் விமானத்தில் மொத்தமே ஒன்றேகால் நிமிடம் இருக்கிறது. அதில் கோளாறு ஆராய்ச்சிக்கு இடமில்லை. அரைகுறையாக ஓடும் எஞ்சின் இன்னும் மோசம். முழுதாக நின்றால் முடிவெடுத்துவிடலாம். இருமிக்கொண்டே ஓடினால் வயல்களை ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய், வயலே இல்லாத இடத்தில் நிற்கும். விமானம் முழுவதையும் தாங்கி இறக்கும் பாராசூட் இருக்கிறதே என்பது மற்றொரு மறுப்பு. எண்பதுகளிலிருந்தே இலகு விமானங்களில் அது உயிர் காத்திருக்கிறது. எடையும் பணமும் இருந்தால் வைக்கலாம். ஆனால் புறப்பட்ட உடனே வரும் தாழ்ந்த உயரத்தில் அதற்கு விரிய நேரமில்லை. தவிர, கைப்பிடியை இழுப்பதும் விமானத்தைக் கைவிடுவதுதான். அதே தயக்கம் அங்கேயும் கையைப் பிடிக்கும்.

புது விமானம் முதல் 25 அல்லது 40 மணி நேரம், எஞ்சினும் புரொப்பெல்லரும் சான்று பெற்ற ஜோடியா இல்லையா என்பதைப் பொறுத்து, குறித்த எல்லைக்குள் பயணியில்லாமல் பறக்க வேண்டும் என்பது அமெரிக்காவில் வெகுகாலம் இருந்த விதி. அந்த மணி நேரங்களைக் கடமைக்குச் சுற்றிக் கழிப்பவர்களும் உண்டு, எண்களை அளந்து குறிப்பவர்களும் உண்டு. நீண்டகாலமாக இதில் தனியாகத்தான் பறக்க வேண்டும் என்று இருந்தது. கட்டும் ஆண்டுகளில் ஓட்டுவதையே ஏறக்குறைய மறந்துபோனவர், யாரும் ஓட்டிப் பார்க்காத விமானத்தில், முறுக்கு இன்னும் தளராத எஞ்சினோடு தனியே ஏறினார். விபத்துகளில் அதிகப் பங்கு விமானத்தின் வாழ்நாளின் தொடக்கத்திலேயே நேர்ந்ததில் வியப்பில்லை. 2014ல் அமெரிக்க விமானத்துறை இதைத் தளர்த்தி, நிபந்தனைகளோடு, தகுதியுள்ள இரண்டாவது விமானி ஒருவர் கூட ஏறலாம் என்றது. இரண்டு உயிரை ஏன் பணயம் வைக்க வேண்டும் என்று அப்போது எதிர்த்தவர்கள் உண்டு. இன்னும் சிலர் எதிர்க்கிறார்கள். பக்கத்து இருக்கையில் இருப்பவர் கூடுதல் திறமைசாலி என்பது மட்டும் இதன் பயன் என்றால் அந்த எதிர்ப்பில் நியாயம் உண்டு. அவர் அந்த விமானத்தைக் கட்டவில்லை என்பதையும் நான் பயனாக எண்ணுகிறேன். பழைய விமானத்தை வாங்குபவருக்கு இந்த ஏற்பாடு கிடைப்பதில்லை. 2011ல் விபத்துக்குள்ளானவற்றில் பாதிக்கு மேற்பட்டவை அப்படிக் கைமாறியவை. கட்டியவரின் பாசம் வாங்கியவரிடம் இல்லை. கட்டியவர் எந்தக் குமிழை எங்கே, எதற்காக வைத்தார் என்ற விவரமும் இல்லை. விற்றவரை ஒரு நாள் பக்கத்தில் உட்கார வைத்து, எஞ்சின் நின்றால் கை எங்கே போக வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிக் காட்டச் சொல்ல எந்தச் சட்டமும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை.